உருவி எறிந்த திருத்தச் சீட்டுகள்

எட்டாவதோடு படிப்புக்கு முழுக்குப் போட்டவர் ஸ்கேன்காரர். ஒற்றை ஜெராக்ஸ் மிஷினில் ஆரம்பித்து, ஆறு ஸ்கேனர் ஓடும் கூடமாக வளர்த்தது அவர் கை. எவன் தயவும் கிடையாது. பெரிய ஆஸ்பத்திரி, தன் நூலகத்திலிருந்த ஐம்பது வருஷத்து மருத்துவ இதழ்களை அவரை நம்பித்தான் ஒப்படைத்தது. இதழ்களின் தைத்த முதுகை வெட்டிப் பிரித்து, தாள் தாளாக மிஷினில் விட்டு, கம்ப்யூட்டரில் ஏற்றினார். அங்கே ஒரு தேடல் மென்பொருள் அத்தனையையும் படித்து வைத்துக்கொண்டு, எந்த மருந்தைக் கேட்டாலும் எந்த ஆராய்ச்சியில் என்ன சொன்னார்கள் என்று கண் மூடித் திறப்பதற்குள் எடுத்துக் கொடுக்கும்.

"டாக்டருங்களுக்கே நான்தான் வாத்தியார்" என்று போகிற இடமெல்லாம் மார்தட்டுவார்.

அதே ஆஸ்பத்திரியில் அவர் மருமகளுக்கு மருந்துகளின் அளவைச் சரிபார்க்கும் வேலை. ஒரு சாயங்காலம் கைப்பையைக்கூட இறக்கி வைக்காமல் சமையலறைத் தரையில் உட்கார்ந்திருந்தாள்.

"சஸ்பெண்ட் பண்ணிட்டாங்க, மாமா. ஒரு பழைய கட்டுரையில இருந்த அளவைத்தான் சொன்னேன். அது தப்புன்னு அப்பவே திருத்தச் சீட்டு ஒட்டியிருக்காங்க. நான் தேடினப்ப அது வரவே இல்ல. அந்த அளவுல மருந்து ஏத்தி, லாரி டிரைவர் ஒருத்தருக்குக் காது போச்சு."

"எப்படிப்பட்ட சீட்டும்மா?"

"மஞ்சளா, சின்னதா, பக்க ஓரத்துல ஒட்டியிருக்குமாம்."

ஸ்கேன்காரருக்கு அவை நன்றாக நினைவிருந்தன. அந்தச் சீட்டுகள் மிஷினில் சிக்கிச் சிக்கி வேலையைக் கெடுத்தன. "உருவிப் போடுங்க, விளம்பரமாத்தான் இருக்கும்" என்று சொன்னது அவர் வாய்தான். கூடத்தில் வேலை பார்த்த பெண் ஒருத்தி, "ஐயா, ஏதோ அளவு எழுதியிருக்கே" என்றதற்கு, "நீ எனக்குப் பாடம் எடுக்கிறியா?" என்று அவளை அடக்கியதும் அதே வாய்தான்.

இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. மருமகள் இருக்கும் பக்கமே தலைகாட்டாமல் திரிந்தார். மூன்றாம் நாள் காலையில் அவளே காப்பி கொண்டுவந்து வைத்தபோது தாங்க முடியவில்லை.

"அதை உருவிப் போடச் சொன்னது நான்தாம்மா."

அவள் அவரையே பார்த்தாள். "எப்பத் தெரியும் உங்களுக்கு?"

"நீ சொன்ன அன்னைக்கே."

"என்கிட்ட சொல்லி என்ன ஆகப்போகுது, மாமா? சட்டையைப் போடுங்க."

ஆஸ்பத்திரியில் நடந்ததைச் சொல்லி, அவர்கள் எழுதிய தாளில் கையெழுத்துப் போட்டார். ஒப்பந்தம் போயிற்று. மருமகளை மறுநாளே வேலைக்கு வரச் சொன்னார்கள். அவள் வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள். இவர் மட்டும் வார்டைத் தேடிப் போனார்.

டிரைவரின் கட்டிலருகே நின்று பேச ஆரம்பித்தார். "அவருக்குக் கேக்காதுங்க" என்று மனைவி ஒரு நோட்டையும் பேனாவையும் நீட்டினாள்.

கையெழுத்துக்கு மேல் எழுதிப் பழகாத கை. அடித்து அடித்து எழுதினார். இரண்டு நாள் மறைத்ததையும் சேர்த்தே எழுதினார். டிரைவர் விரல் வைத்துப் படித்தார். தன் குரல் தனக்கே கேட்காததால் வார்டு முழுக்கக் கேட்கும்படி கேட்டார்:

"ரெண்டு நாள் ஏன் சும்மா இருந்தீங்க?"

ஸ்கேன்காரர் நோட்டைத் திரும்ப வாங்கினார். 'பேர் போயிடும்னு' என்று எழுதிக் கொடுத்தார்.