துரைக்கு வைத்த மருந்துத் தண்ணீர்

என் முயலைக் கொன்றது புழு என்றுதான் வெகு காலம் நம்பிக்கொண்டிருந்தேன். வீட்டில் எல்லோரும் அப்படித்தான் சொன்னார்கள். முதலில் சொன்னவர் என் தாய்மாமா.

மாமா நாமக்கல் பக்கம் ஒரு கோழிப்பண்ணையில் சூப்பர்வைசர். பழைய கோழிக்கூண்டு ஒன்றையும் அதற்குள் ஒரு வெள்ளை முயலையும் எனக்குக் கொண்டுவந்து தந்தவரும் அவர்தான். அது கால் நீட்டிப் படுத்திருக்கும் தோரணையைப் பார்த்து அம்மா வைத்த பெயர் துரை. பள்ளிக்கூடம் விட்டு வந்தால் துரைக்குத் தழை போட்ட பிறகுதான் எனக்குச் சோறு.

ஒரு சித்திரையில் துரை இளைக்க ஆரம்பித்தது. நன்றாகத் தின்றும் முதுகெலும்பு கையில் தட்டுப்பட்டது. புழுக்கையில் வெள்ளை நூல் நறுக்குபோல ஏதோ நெளிந்தது. மாமா குனிந்து பார்த்தார். "புழுதான். இதெல்லாம் நமக்கு ஒரு வேலையா சாமி?" என்றார்.

அதுவரை அவர் சொன்னதில் பிசகில்லை. புழுதான். வைத்தியத்தைத்தான் கோழிக்குப் பார்த்தார். பண்ணையில் முதலில் தண்ணீரை நிறுத்துவார்களாம். தொண்டை காய்ந்த கோழிகள் மருந்துத் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்துவிடுமாம். முயலை இன்னும் கொஞ்சம் கூடுதலாகவே காயப்போட வேண்டும் என்று அவராக முடிவு செய்தார். ஈரம் இருக்கிறதென்று தழையையும் நிறுத்தச் சொன்னார்.

"ஏனுங்கண்ணா, வாயில்லாச் சீவன், இந்த வெயில்ல தாங்குமுங்களா?" என்று அம்மா கேட்டாள்.

"அட, நீ சும்மா இரு கண்ணு. ஷெட்டு ஷெட்டா கோழிக்கு மருந்து குடுக்கறவன் நானு, எனக்குத் தெரியாதா?"

அண்ணன் பேச்சுக்கு அம்மாவிடம் மறுபேச்சு கிடையாது. தகரக் கூரைக்கு அடியில் துரை பகல் முழுக்க வெறும் கிண்ணத்தை நக்கிக்கொண்டிருந்தது. மறுநாள் காலையில், மாமா கொடுத்துவிட்டுப் போன மருந்தைக் கலக்கி அந்தத் தண்ணீரை வைத்தோம். மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. "தாகம் முத்துனா தானாக் குடிக்கும். வேற தண்ணி காட்டீராத" என்றார் மாமா போனில்.

குடிக்கவில்லை. அன்று புழுக்கையும் போடவில்லை. புழுக்கையே இல்லை, அப்புறம் புழு ஏது என்று எங்களுக்கு அதுவும் நல்ல சேதியாகவே பட்டது. பாழாய்ப்போன புத்தி!

பொழுது சாயும் நேரம். கூண்டு மூலையில் முதுகைக் கூனிக்கொண்டு உட்கார்ந்திருந்த துரையிடமிருந்து நறநறவென்று சத்தம் வந்தது. வாய் அசைந்தது. "அம்மா, துரை திங்குது! துரைக்குப் பசி வந்துருச்சு!" என்று கத்திக்கொண்டே ஓடினேன். அம்மா உடனே மாமாவுக்குப் போன் போட்டாள். "நாஞ் சொல்லல?" என்று அவர் சிரித்தது எனக்கே கேட்டது. விடிந்து பார்த்தால் துரை விறைத்துக் கிடந்தது. புழு குடலையே தின்றுவிட்டது என்றார் மாமா.

போன மாதம் என் மகள் வளர்க்கும் முயலுக்குப் புழு என்று திருச்செங்கோட்டில் கால்நடை டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போனேன். எடை போட்டுப் பார்த்து, ஊசியில்லாத சிரிஞ்சால் அதன் கடைவாயில் மருந்தை விட்டார்.

"தண்ணியும் தழையும் எப்பவும் போல வைங்க. ஒரு நாள் நிறுத்துனாலும் முயலுக்குக் குடல் ஓடாம நின்னுரும். கூண்டத் தெனமும் கழுவிக் காயவைங்க. திங்காம மூலையில கூனி உக்காந்து பல்ல நறநறன்னு கடிச்சா மட்டும் உடனே தூக்கிட்டு வந்துருங்க. அது உசுரு போற வலிங்க" என்றார்.

சரிங்க என்றேன். அன்று துரையின் கூண்டில் மெல்லுவதற்கு ஒரு தழைகூடக் கிடையாது. அது எனக்குத் தெரியும். தெரிந்தும், துரை தின்கிறது என்று குதித்தேன்.