காபி கசந்த காரணம்

அந்தப் பேருந்துப் பணிமனை மெக்கானிக்குக்குக் கண்ணைவிடக் காதில்தான் நம்பிக்கை. எந்தப் பேருந்துக்கு என்ன கோளாறு என்று எஞ்சின் சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவார். காலையில் வீட்டில் மோக்கா என்கிற இத்தாலிய அடுக்குப் பாத்திரத்தில் காபி போடுவதும் அப்படித்தான். கீழே வெந்நீர், நடுவில் அழுத்தாமல் நிரப்பிய தூள், அடியில் சிறு தீ. மேலே ஏறும் காபியின் சத்தம் மாறிக் கொப்புளிக்கத் தொடங்கியதுமே இறக்கிவிட வேண்டும்; விட்டால் கசந்துபோகும். மூடியைத் திறந்து எட்டிப் பார்ப்பதெல்லாம் அவருக்குக் கௌரவக் குறைச்சல்.

அப்பேர்ப்பட்டவர் போடுகிற காபியைக் கொஞ்ச நாளாக வாயில் வைக்க முடியவில்லை. தூளை மாற்றினார். பாத்திரத்தின் ரப்பர் வாஷரை மாற்றினார். அடுப்பைத் திட்டினார். பாவம், அடுப்பு என்ன செய்யும்?

ஒருநாள் பாத்திரம் கொடகொடவென்று கத்திக்கொண்டிருக்க, மனுஷன் அதன் பக்கத்திலேயே கையைக் கட்டிக்கொண்டு நின்றார். மனைவி ஓடிவந்து அடுப்பை அணைத்தாள்.

"ஏன் அணைச்சே? இன்னும் சத்தமே வரலையே."

அவள் அவர் முகத்துக்கு நேரே வந்து குரலை உயர்த்தினாள். "நிஜமாவே கேக்கலையா உங்களுக்கு?"

போன வாரம் 'ஒண்ணுமில்ல, எடுத்துட்டுப் போ' என்று அவர் அனுப்பிவைத்த வண்டி நடுவழியில் நின்றது ஏனென்று இப்போது அவருக்குப் புரிந்தது. காது போய்விட்டால் பணிமனையில் அவரை யார் சீண்டுவார்கள்?

"வேலைய விட்டுடறேன்" என்றார்.

"முதல்ல டாக்டரைப் பாருங்க. அப்புறம் விடலாம்."

காது டாக்டர் விளக்கை அடித்து உள்ளே பார்க்கும்வரை அவர் மூச்சே விடவில்லை. டாக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"அழுக்குதான் சார். ரெண்டு காதுலயும் அடைச்சிட்டிருக்கு. வண்டிக்கு மட்டும்தான் ஃபில்டர் சுத்தம் பண்ணுவீங்களா?"

வெதுவெதுப்பான நீரைப் பீய்ச்சிக் கழுவிவிட்டார்கள். படியிறங்கும்போது தன் செருப்புச் சத்தத்தைக் கேட்டு மெக்கானிக்குக்குக் கண் கலங்கிவிட்டது. அப்பாடா என்று அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் காலை பாத்திரம் அடுப்பில் இருந்தது. முதுகுக்குப் பின்னால் மனைவி, இத்தனை நாள் பழக்கத்தில், வெங்காயம் நறுக்கியபடியே முணுமுணுத்தாள்.

"காபி போடறாராம் காபி. ஒரு சொம்பு தண்ணி கொதிக்க அடுப்படியே வேணும் இந்த மனுஷனுக்கு."

"என்ன சொன்னே?"

கத்தி அப்படியே நின்றது. "கேட்டுடுச்சா?"

பாத்திரத்தில் சத்தம் மாறியது. திரும்பிப் பார்க்காமலே கையை நீட்டி இறக்கினார்.

"இன்னொரு தடவ திட்டேன்" என்றார். "நல்லா கேக்குது."