குளத்தங்கரை நோட்டுக்காரர்

ஜெயமணி அந்த மனிதரை முதல் நாளே நம்பவில்லை. சிப்பிகாட் என்ற ஊருக்குப் போகும் வழியிலுள்ள பூங்காவில் அவள் பதினொரு வருடமாகக் கூட்டிப் பெருக்குகிறாள். குளத்தைப் பார்க்க வருகிறவர்கள் போட்டோ எடுப்பார்கள், சிப்ஸ் தின்பார்கள், போய்விடுவார்கள். இவர் மட்டும் இரண்டு வாரமாக வெயில் ஏறியதும் வந்து, கோரைப்புல் ஓரம் குந்தி, ஒரு நோட்டில் எதையோ எழுதிக்கொண்டிருந்தார்.

நோட்டும் பேனாவுமாக வருகிறவர்களைக் கண்டாலே அவளுக்கு ஆகாது. சுனாமி வந்தபோது அவள் கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் இருந்தாள். பிறகு முகாமில் யாரோ எழுதிய பட்டியலில், அவள் கணவன் அழகையாவின் பெயர் உயிரோடு இருப்பவர்களில் இருந்தது. ஐந்து மாதம் வந்த கப்பலையெல்லாம் போய்ப் பார்த்தாள். ஆள் வரவே இல்லை.

குளத்தை மூடி ஏதோ கட்டப் போகிறார்கள், இவர் அதற்குத்தான் வேவு பார்க்கிறார் என்று நினைத்தாள். ஒரு நாள் அவர் கோரைத் தண்டிலிருந்து எதையோ எடுத்துத் தீப்பெட்டிக்குள் போட்டார். துடைப்பத்தோடு நேரே போனாள்.

“பெட்டியில என்ன சார்? சச் சொல்லுங்க, பொய் வேணாம்.”

திறந்து காட்டினார். காய்ந்த பூச்சிக்கூடு ஒன்று, முதுகு பிளந்து கிடந்தது.

“தட்டான் தண்ணிக்குள்ள வளந்து, வெளிய வந்து உரிச்சுப் போட்ட தோல்மா. என் பேரு ரவிச்சந்திரன், ஸ்கூல் வாத்தியார். லீவுல தட்டான் எண்ணுறேன்.”

“எண்ணி?”

“எத்தனை இருக்குன்னு தெரியும்ல.”

அந்தப் பதில் சந்தேகத்தைக் கூட்டியது. நோட்டை வாங்கிப் பார்த்தாள். ‘சிவப்புத் தட்டான் 14’ என்றிருந்தது. குளத்தைச் சுற்றிவந்து தானே எண்ணினாள்.

“பொய்யா எழுதியிருக்கீங்க சார். ஒம்பதுதான்.”

“சிவப்பா இருக்கறது ஆண். அதுலயே பொட்டை மஞ்சளா இருக்கும். அதையும் சேத்துக்கங்க.”

மறுபடி சுற்றினாள். பதின்மூன்று. அவரும் எழுந்து விரல் நீட்டி எண்ணினார். பதின்மூன்றேதான். ஒன்றை இரண்டு தரம் எண்ணிவிட்டேன் என்று ஒப்புக்கொண்டு, பதினான்கை அடித்துவிட்டு மாற்றி எழுதினார்.

“எழுதினத அடிக்கலாமா சார்?”

“தப்புன்னா அடிக்கத்தானே வேணும்.”

அடித்துப் போட்ட பதினான்கின் மேல் அவள் விரலை ஓட்டிப் பார்த்தாள்.

மறுநாள் வேலையைச் சீக்கிரம் முடித்துவிட்டு எதிர்க்கரையில் நின்றுகொண்டாள். “நான் சொல்றதக் கேட்டு எழுதக்கூடாது. நீங்க எழுதி முடிங்க, அப்பறம் நான் சொல்றேன்” என்றாள்.

அவர் எழுதி முடித்தார்.

“பதினேழு,” என்றாள்.

அவர் கரையைச் சுற்றி அவளிடம் வந்து நோட்டைத் திருப்பிக் காட்டினார். பதினாறு.

“வாங்க, நீங்க விட்டதக் காட்டுறேன்,” என்று முன்னால் நடந்தாள், பூச்சி கலைந்துவிடாதபடி மெதுவாக.