அவள் தட்டில் என் ஆராய்ச்சி

என்னை எல்லோரும் டாக்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். ஆனால் நான் ஊசி போடுகிற டாக்டர் இல்லை. எதைச் சாப்பிடுகிறவர்களுக்கு எந்தப் புற்றுநோய் அதிகம் வருகிறது என்று, பெருங்கூட்டமான மக்களைப் பல வருடங்கள் கவனித்துக் கணக்குப் பார்ப்பது என் வேலை. ஒரு கூட்டத்தைப் பற்றி என்னால் ஏதோ சொல்ல முடியும். ஒரு தனி மனுஷிக்கு ஏன் வந்தது என்று சொல்லவே முடியாது.

போன வருடம் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு கிறிஸ்தவ சபையின் மண்டபத்தில் பேசக் கூப்பிட்டார்கள். ஆட்டிறைச்சி, மாட்டிறைச்சி அதிகம் சாப்பிடுகிறவர்களிடையே பெருங்குடல் புற்றுநோய் கொஞ்சம் கூடுதலாகத் தெரிகிறது என்றேன். அந்தக் 'கொஞ்சம்' என்ற சொல்லை அழுத்தித்தான் சொன்னேன். கைதட்டினார்கள். தேத்தண்ணி குடித்துவிட்டு வந்தேன்.

அதற்குச் சில வாரங்கள் கழித்துக் கிள்ளானில் இருக்கும் என் பள்ளித்தோழியைப் பார்க்கப் போனேன். அவள் குடும்பமே அந்தச் சபையைச் சேர்ந்ததுதான். அவளுக்கும் பெருங்குடலில்தான். அறுவை சிகிச்சை முடிந்து கீமோ நடந்துகொண்டிருந்தது. நாற்காலியில் இருந்தவளை முதலில் எனக்கு அடையாளமே தெரியவில்லை. கழுத்தெலும்பு துருத்திக்கொண்டிருந்தது. முன்னால் உப்பில்லாத கஞ்சியும் வேகவைத்த பாகற்காயும் ஆறிக் கிடந்தன. அவளைப் பார்த்துக்கொள்ள வந்திருந்த நாத்தனார் கரண்டியால் ஊட்டினார். வாயோரம் வழிந்ததை விரலால் வழித்து மறுபடியும் வாய்க்குள்ளேயே தள்ளினார்.

"வாங்க டாக்டர்! நீங்க மண்டபத்துல சொன்ன மாதிரிதான் எல்லாம் செய்றேன்."

"நான் என்ன சொன்னேன்?"

"கறி தின்னாதான் கேன்சர் வரும்னு. இவளுக்கு சண்டே ஆனா ஆட்டுக்கறி இல்லாம முடியாது லா. நாக்குக்கு அடிமையா இருந்தா, இப்ப அனுபவிக்கிறா. போன வாரம் பாஸ்டர் ஜெபம் பண்ண வந்தப்போ, அவர் முன்னாடியே ஆண்டவர்கிட்ட மன்னிப்புக் கேக்க வெச்சேன்."

என் தோழி தலையைக் குனிந்துகொண்டாள். சாப்பிட்டதற்காக ஒரு நோயாளியை மண்டியிட வைத்துவிட்டு, அதற்கு என் பெயரையும் சாட்சிக்கு இழுத்திருக்கிறார்கள்.

"ஆஸ்பத்திரியில என்ன சாப்பிடச் சொன்னாங்க?" என்று தோழியிடம் கேட்டேன்.

"முட்டை, மீன், கோழி... எது உள்ள போகுதோ அதைச் சாப்பிடுங்கன்னாங்க. எடை ரொம்ப இறங்கிருச்சுன்னு அடுத்த கீமோவைத் தள்ளி வெச்சிட்டாங்க."

வாசலில் நின்றிருந்த அவள் கணவரைத் திரும்பிப் பார்த்தேன். "அக்கா நல்லதுக்குத்தான் சொல்றாங்கன்னு நெனச்சேன்," என்றார், கைப்பேசியிலிருந்து கண்ணை எடுக்காமலே. நாத்தனாரைவிட அவர்மேல்தான் எனக்கு அதிக அருவருப்பு வந்தது.

"அக்கா, நான் அப்படிச் சொல்லவே இல்ல," என்றேன். "இவளுக்கு எதனால வந்துச்சுன்னு எனக்குத் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. இந்தச் சாப்பாட்டுலதான் இவ இன்னும் மோசமாப் போறா. என் பேரைச் சொல்லி இனி ஊட்டாதீங்க."

"படிச்ச திமிரு," என்று முணுமுணுத்துக்கொண்டு அவர் உள்ளே போனார்.

தோழி என் கையைப் பிடித்தாள். "என்னாலதானா வந்துச்சு?"

"இல்ல. நீ ஒரு தப்பும் செய்யல. என்ன சாப்பிடணும் போல இருக்கு?"

கொஞ்சம் யோசித்து, "மீன் சூப். இஞ்சி நெறைய போட்டு," என்றாள்.

அவள் கணவரைக் காரில் ஏற்றிக்கொண்டு போய் வாங்கி வந்தேன். அவள் பாதி குடித்தாள், மீனை முழுக்கச் சாப்பிட்டாள், அப்புறம் அழுதாள்.

நாத்தனார் அந்த வாரமே சுங்கை பூலோவில் இருக்கும் தன் வீட்டுக்குத் திரும்பிவிட்டார். எடை மெல்ல ஏறியது. நின்றுபோன சிகிச்சை தொடர்ந்து, முடிந்தது. மண்டபத்தில் எனக்கு இன்னொரு பேச்சு ஏற்பாடாகியிருந்தது. "நோயாளிய கறி திங்கச் சொன்னீங்கன்னு பேச்சு வந்துருச்சு டாக்டர், அப்புறம் பாக்கலாம்," என்று போனில் ரத்து செய்தார்கள்.

தோழி இப்போதும் அங்கேதான் ஆராதனைக்குப் போகிறாள். மதியச் சாப்பாட்டுக்கு உட்காரும்போது அவள் டப்பாவில் என்ன இருக்கிறது என்று பக்கத்துப் பெண்கள் எட்டிப் பார்க்கிறார்களாம். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.