ஜெனித்தின் வாட்ச்

நம்புகிறவர்கள் நம்புங்கள். ஞாயிறு பூசை தவறாத ஆள் நான். பேய் என்று யாராவது சொன்னால் சிரித்திருக்கிறேன். ஆனால் போன டிசம்பரில், பட்டப்பகலில், விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் போகும் பஸ்ஸில் இது எனக்கு நடந்தது.

என் பெயர் இருதயநாதன். என் ஒரே மகன் ஆரோக்கிய ஜெனித் பைக் விபத்தில் போய் நாலு மாதம் ஆகியிருந்தது. ஆஸ்பத்திரியில் அவன் வாட்ச்சைக் கழற்றி என்னிடம் கொடுத்தார்கள். கண்ணாடியில் கீறல்கூட இல்லை. செயினின் லாக் மட்டும் நிற்கவில்லை. அழுத்தினால் 'டிக்' என்று பிடிக்கும். கொஞ்ச நேரத்தில் அதே 'டிக்'கோடு தானாகத் திறந்துகொள்ளும். அதையே கட்டிக்கொண்டு திரிந்தேன். எங்காவது விழுந்துவிடுமே என்று என் மனைவி புனிதா பயந்தாள். அவன் அதை வாங்கிய திண்டிவனம் கடையிலேயே சரிசெய்யலாம் என்று கிளம்பினேன்.

பஸ்ஸில் நல்ல கூட்டம். எனக்கு ஜன்னலோரம். பலபேர் நின்றுகொண்டே வந்தார்கள். என் பக்கத்து சீட் காலி. ஆனால் யாரும் உட்காரவில்லை...

லாக் திறந்துகொண்டே இருந்தது. நானும் அழுத்திக்கொண்டே இருந்தேன்.

விக்கிரவாண்டி தாண்டியதும் திறப்பது நின்றது. மணிக்கட்டு சில்லென்று இருந்தது. பல நாள் தூங்காத கண். அசந்துவிட்டேன்.

டிக்...

விழித்தேன். வாட்ச் காலடியில் கிடந்தது. பஸ் கூட்டேரிப்பட்டில் நின்றிருந்தது. மணி பதினொன்று பத்து.

அடுத்த வரிசையில் இருந்த பெண் குனிந்து எடுத்துக் கொடுத்தாள்.

"உங்க புள்ள இப்பதான் இறங்கிச்சிங்க. வாட்ச் கழண்டுக்கும்னு உங்க கையைப் புடிச்சிக்கினே வந்துச்சி."

பாய்ந்து இறங்கினேன்.

வெயில். ஒரு டீக்கடை.

அவன் இல்லை...

கண்டக்டர் விசில் ஊதினார். ஏறி, பக்கத்து சீட்டில் கையை வைத்துக்கொண்டே போனேன். கனவிலாவது வரமாட்டானா என்று நாலு மாதம் ஏங்கியவன் நான். வந்து கையைப் பிடித்திருக்கிறான். நான் தூங்கியிருக்கிறேன்.

திண்டிவனத்தில் இறங்கும்போது புனிதாவின் போன். அழுதாள். விபத்தன்று ஜெனித்தின் பின்னால் உட்கார்ந்திருந்தவன் அவன் சிநேகிதன் அன்புச்செல்வன். தலையில் அடிபட்டு, பேச்சில்லாமல், கூட்டேரிப்பட்டில் தன் வீட்டிலேயே கிடந்தான். சற்றுமுன் இறந்துவிட்டானாம்.

கடைக்குப் போகவில்லை. அடுத்த பஸ்ஸில் கூட்டேரிப்பட்டுக்கே திரும்பினேன்.

அன்புவின் அம்மா சின்னபொண்ணு அழக்கூட முடியாமல் உட்கார்ந்திருந்தாள். இத்தனை நாள் வாய் திறக்காத பிள்ளை, கடைசியில் வாசலைப் பார்த்துப் பேசினானாம்.

"வந்துட்டியாடா ஜெனித்து... இரு, நானும் வர்றேன்."