தகரத்தில் எழுதாத பெயர்

பேத்தி வெள்ளித்தாளைப் பிரித்து ஒரு ரொட்டிச் சுருளை என் கையில் வைத்தாள். உள்ளே சோறு, பயறு, கோழி என்று ஒரு குடும்பமே குடியிருந்தது. "இதுக்குப் பேரு புரிட்டோ, தாத்தா. மெக்சிகோ சாப்பாடு. புரிட்டோன்னா குட்டிக் கழுதை. கழுதையில வச்சு ஒருத்தர் வித்தாராம், அதான் அந்தப் பேருங்கறாங்க. நிஜமான்னு யாருக்கும் தெரியாது" என்றாள். எனக்குப் புரையேறிவிட்டது. காரம் என்று நினைத்து, தண்ணீர் எடுக்க ஓடினாள்.

கழுதையில் ரொட்டி விற்ற ஒருவரை எனக்குத் தெரியும். அறுபதுகளில் கோவில்பட்டியில் ஒரு ஜின்னிங் பாக்டரியில், பஞ்சுப் பொதிகளின் மேல் மையால் அடையாளம் எழுதுவது என் வேலை. எழுத்து முத்து முத்தாக இருக்கும் என்று தலைக்கனம் வேறு. அங்கே தூக்குச்சட்டியைத் திறந்தால் போதும், கஞ்சியில் பஞ்சு மிதக்கும். அப்போதுதான் ராவுத்தர் வர ஆரம்பித்தார். ரேஷனில் போட்ட கோதுமையை என்ன செய்வதென்று ஊரே முழித்துக்கொண்டிருக்க, அவர் அதை மெல்லிய ரொட்டியாக்கி, பாசிப்பயறும் வெங்காயமும் வதக்கி உள்ளே வைத்துச் சுருட்டி, இரண்டு முனையையும் மடித்து, வாழைச்சருகில் பொதிந்து கழுதை மேல் கூடையில் கொண்டுவருவார். ஓர் இழைப் பஞ்சுகூட உள்ளே போகாது. கடலை எண்ணெய் வாசம் கேட்டைத் தாண்டும் முன்னே நாங்கள் எழுந்துவிடுவோம். அடடா, என்ன ருசி!

"இப்படிச் சுருட்ட யாரு சொல்லித் தந்தா, ராவுத்தரே?" என்று ஒருநாள் கேட்டேன்.

"எம்மவதான் தம்பி. ஒரு எடத்துல உக்காந்து திங்க மாட்டா. சுருட்டிக் கையில வச்சிக்கிட்டு ஓடுவா. போன வருசம் அம்மையில போயிட்டா."

பங்குனியில், கழுகுமலைத் திருவிழாவுக்குப் போகுமுன் ஒரு தகரத்தை என்னிடம் நீட்டினார். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. "அவ பேரப் போட்டு ரொட்டின்னு எழுதித் தாங்க. நாலு பேரு வாயில அவ பேரு கெடக்கட்டும்." எழுத்துத் தப்பிவிடக் கூடாதென்று மகளின் பெயரை மூன்று தடவை நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.

பக்கத்தில் கூட வேலை பார்க்கும் சேக்காளிகள் நின்றார்கள். என் கிறுக்குப் புத்தி, 'கழுதை ரொட்டி' என்று எழுதிக் கொடுத்தேன். கொட்டை எழுத்தில், கரையெல்லாம் கட்டி. மனுஷன் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு கழுதையின் கழுத்தில் கட்டினார். வழியெல்லாம் பார்த்தவர்கள் சிரித்திருக்கிறார்கள். பேர் பிடித்துவிட்டதென்று அவரும் சேர்ந்து சிரித்திருக்கிறார்.

திருவிழாவில் ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளை அதை உரக்கப் படித்துவிட்டது. அவர் திரும்பி வந்தபோது, வாய்க்கு வந்தபடி ஏசப்போகிறார் என்று பார்த்தேன். தகரத்தை என் மைச்சட்டிக்குப் பக்கத்தில் வைத்தார்.

"எம்மவ பேரையில்லா தம்பி எழுதச் சொன்னேன்."

பாவி, தலையைக் குனிந்துகொண்டு மையைக் கலக்கிக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகு அவர் வரவேயில்லை. வேறு யார் யாரோ சுருட்டி விற்றார்கள், கழுதை ரொட்டி என்றே. பிறகு அதுவும் நின்றுபோனது. பாக்டரி இருந்த இடத்தில் இப்போது கல்யாண மண்டபம்.

பேத்தி தண்ணீர் கொண்டுவந்தாள். அவளிடமாவது அந்தப் பெயரை ஒரு தடவை உரக்கச் சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன். கழுதையின் கிழிந்த காது ஞாபகம் இருக்கிறது. தகரத்தின் ஓரத்துத் துரு ஞாபகம் இருக்கிறது. அவர் மூன்று தடவை சொன்ன பெயர் வரவில்லை.