கிண்ணத்துக்காகப் பிரிந்த ஞாயிற்றுக்கிழமைகள்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நாங்கள் சிட்னியில், ஸ்ட்ராத்ஃபீல்டில் குடியிருந்தோம். மாதத்தில் இரண்டு ஞாயிறு பின்னேரங்களில் அங்கே தமிழ் ஆராதனை நடக்கும். ஒரு வெள்ளைக்காரச் சபை தன் கோயிலை நாலு மணிக்குப் பிறகு எங்களுக்கு விட்டுத் தந்திருந்தது. யாழ்ப்பாணத்தவர்கள், மலேசியாவிலிருந்து படிக்க வந்து தங்கிவிட்டவர்கள், திருநெல்வேலிப் பக்கத்தவர்கள் என்று எல்லோரும் வருவோம். ஆராதனை ஒழுங்கைத் தட்டச்சு செய்து கொண்டுவருவது என் கணவர். பாவ அறிக்கையில் ஒரு காற்புள்ளி இடம் மாறியிருந்தாலும் முழுத் தாளையும் திரும்ப அடிப்பார். அந்தப் பிடிவாதம் எனக்கு அப்போது பிடித்திருந்தது.

பிரச்சினை திருவிருந்துப் பாத்திரத்தில் தொடங்கியது. அதுவரை எல்லோரும் முழங்காலில் நின்று ஒரே பாத்திரத்தில் வைன் குடித்தோம். சபைக் குழுவில் இருந்த தமிழ்நாட்டு டாக்டர் ஒருவர், இனிச் சின்னக் கிளாசுகளில் திராட்சைச் சாறு கொடுக்கலாம் என்றார். "எல்லாரும் ஒரே கப்பில வாய் வைக்கிறது சுகாதாரம் இல்லீங்க. குடியை விட்டுட்டு வர்றவங்களும் நம்மகிட்ட இருக்காங்க" என்றார். எனக்கு அது நியாயமாகவே பட்டது. கை தூக்கச் சொன்னபோது நானும் தூக்கினேன்.

என் கணவர் எழுந்து, "பாத்திரம் ஒண்டு எண்டால் ஒண்டுதான். அதைத் துண்டு துண்டாக்க உங்களுக்கு ஆர் உரிமை தந்தது?" என்று கேட்டுவிட்டு வெளியே போனார். இரண்டு கிழமையில் கோபம் ஆறிவிடும் என்று நினைத்தேன். ஆறவில்லை.

அந்த வருடமே எங்கள் கதவைத் தட்டியவர்கள் வெள்ளைச் சட்டையும் பெயர்ப்பட்டியும் அணிந்த, மோர்மன் என்ற அமெரிக்கச் சபையின் இரண்டு இளைஞர்கள். மரியாதையான பிள்ளைகள். நான் பால் கரைத்துக் கொடுத்தேன்; தேநீர் குடிக்க மாட்டார்களாம். இவர் மூன்று மாதம் அவர்களோடு வாதாடினார். பிறகு ஒருநாள் ஞானஸ்நானம் எடுக்கப்போவதாகச் சொன்னார்.

"வைனை விட்டினம் எண்டு சண்டை பிடிச்சு வந்த நீங்கள், திருவிருந்தில வெறும் பச்சைத்தண்ணி குடுக்கிற இடத்துக்கே போறியள்?" என்று கேட்டேன்.

"உமக்கு விளங்காது. அங்க ஒரு ஒழுங்கு இருக்கு" என்றார்.

பார்த்துவிடுவோம் என்று ஒருமுறை நானும் போனேன். அப்பத்தின் மேல் ஜெபம் சொன்ன பையன் ஒரு சொல்லில் தடுக்கினான். முன்னால் இருந்த பெரியவர் தலையசைக்க, அவன் முதலிலிருந்து முழுவதையும் திரும்பச் சொன்னான். என் கணவரின் முகத்தில் அப்படி ஒரு மலர்ச்சியை எங்கள் மகள் பிறந்த நாளுக்குப் பிறகு நான் கண்டதில்லை. அந்த மனிதர்கள் அன்பானவர்கள். எனக்குக் காய்ச்சல் வந்தபோது சூப் கொண்டுவந்தார்கள். சரி, இங்கேயாவது இருக்கட்டும் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

அங்கேயும் நிலைக்கவில்லை. அந்தச் சபையை விட்டு விலகிய ஒரு வயோதிபர் குவேக்கர்ஸ் ஹில் என்ற புறநகரில் தன் வீட்டுக் கராஜில் தனிக் கூட்டம் நடத்தினார். ஆதியில் பாத்திரத்தில் வைன்தான் இருந்தது, எல்லோரும் முழங்காலில் நின்றார்கள், பெரிய சபை வழி தவறிவிட்டது என்பது அவர் போதனை. இவர் அங்கே போனார். மொத்தம் பதினொரு பேர். வைனை அவர்களே வீட்டில் செய்தார்கள். ஒரு வருடம் கழித்து, வெளியாரோடு சேர்ந்து ஜெபிக்கக்கூடாது என்று அந்த வயோதிபர் கட்டளையிட்டார். வெளியார் என்றால் நானும்தான். சாப்பாட்டு மேசையில் நான் கண்ணை மூடினால் இவர் எழுந்து குசினிக்குள் போய் நிற்பார்.

மகளைச் சபையின் முழு அங்கத்தவளாகச் சேர்க்கும் திடப்படுத்தல் ஆராதனை வந்தது. வெள்ளைச் சட்டை தைத்து, முடி பின்னி, எல்லோரும் காரில் போனோம். கோயில் வாசலில் இவர் இறங்கவில்லை.

"அப்பா, ஜஸ்ட் சிட் அட் த பாக். ப்ளீஸ்" என்றாள் பிள்ளை.

"நான் இதுக்குள்ளேயே இருக்கிறன். நீங்கள் போட்டு வாங்கோ."

ஒன்றரை மணித்தியாலம் அவர் காருக்குள் இருந்தார். பிஷப் தலையில் கைவைத்தபோது மகள் திரும்பிக் கதவைப் பார்த்தாள். அதை நான் இவரிடம் சொன்னேன். அவர் காரை எடுத்தபடி கத்தினார், நானும் கத்தினேன். அன்றைக்குத்தான் எனக்கு அவர்மேல் முதல்முறையாக வெறுப்பு வந்தது. கடவுள்மேலும் கொஞ்சம் வந்தது.

பிறகு கராஜும் உடைந்தது. ஓய்வுநாள் சனியா ஞாயிறா என்பதில் வயோதிபருக்கும் அவர் மருமகனுக்கும் தகராறு. ஐந்து பேர் ஒரு பக்கம், ஐந்து பேர் மறுபக்கம். இவர் இரண்டு பக்கமும் பிழை என்றார். அதோடு எங்கும் போவதை நிறுத்தினார். ஞாயிறுகளில் மேசையில் தனியாக இருந்து தானே வாசித்து, தானே ஆமென் சொல்வார். நான் ரயிலில் தமிழ் ஆராதனைக்குப் போய்வந்தேன்.

மகள் மெல்பேர்னுக்கு வேலைக்குப் போனாள். அங்கே ஒருவனை விரும்பினாள், நல்ல பிள்ளை. கலியாணத்தை எந்தக் கோயிலில் வைக்கலாம் என்று தொலைபேசியில் கேட்டேன். "கோயிலிலயா? நோ, அம்மா. எனக்குச் சேர்ச் எண்டாலே நீங்கள் ரெண்டு பேரும் கார்ல கத்தினதுதான் ஞாபகம் வருது" என்றாள்.

ஒரு பூங்காவில், அரசாங்கப் பதிவாளர் பெண் ஒருத்தி நடத்திவைத்தாள். சாப்பாட்டு நேரத்தில் மகளுக்கு என்ன தோன்றியதோ, "அப்பா, நீங்கள் ஒரு சின்ன ஜெபம் சொல்லுங்கோ" என்றாள். இவர் எழுந்தார். கதிரையைப் பிடித்தபடி நின்றார். எல்லோரும் தலை குனிந்து காத்திருந்தோம். அவர் வாய் திறக்கவேயில்லை, அப்படியே உட்கார்ந்துவிட்டார். சோறு ஆறிக்கொண்டிருந்தது. நானே எழுந்து, பிள்ளைகளை ஆசீர்வதியும் ஆண்டவரே என்று இரண்டு வரி சொன்னேன். மாப்பிள்ளை வீட்டார் உட்பட எல்லோரும் ஆமென் சொன்னார்கள். இவர் குரல் மட்டும் கேட்கவில்லை.

விமான நிலையத்துக்குப் போகும்போது கேட்டேன்: "ஒரு ஆமென் சொன்னால் என்ன குறைஞ்சுபோம்?"

"வெளிச் சனத்தோட சேர்ந்து சொல்லேலாது எண்டு உமக்குத் தெரியும்தானே."

"எந்தச் சனம்? அது எங்கட பிள்ளையின்ர கலியாணம்."

அவர் பயணச்சீட்டுகளை எடுத்துப் பார்க்கத் தொடங்கினார்.